எது எப்போது கொதிக்கும்? மூலக்கூறுகளின் பிடியை வைத்துக் கொதிநிலையைக் கணிக்கும் வழி

ஓர் எவர்சில்வர் தட்டை மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அடுப்போ விளக்கோ எரியாத அறையாக இருக்கட்டும். தட்டில் நான்கு இடங்களில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள்: நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன், மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட், தண்ணீர், தேங்காய் எண்ணெய். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அசிட்டோன் விழுந்த உடனே மெல்லிய படலமாகப் பரவும். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். கொஞ்ச நேரத்தில் சுவடு இல்லாமல் போய்விடும். அதற்கடுத்து ஸ்பிரிட் போகும். தண்ணீர் குமிழாகத் திரண்டு நின்று நிதானமாகக் காயும். தேங்காய் எண்ணெய் மறுநாள் காலையிலும் விட்ட இடத்திலேயே பளபளத்துக்கொண்டிருக்கும்.

கொதிநிலைகளின் வரிசையும் இதுவேதான். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். ஸ்பிரிட்டில் இருப்பது எத்தனாலாக இருந்தால் 78, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாக இருந்தால் 82. தண்ணீர் 100. இங்கே சொல்லும் எல்லா வெப்பநிலைகளும் செல்சியஸில், கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு உரியவை. தேங்காய் எண்ணெய் கொதிநிலையை எட்டுவதற்கு முன்பே புகைந்து சிதையத் தொடங்கிவிடும். நம் அடுப்படித் தமிழ் இந்த வேறுபாட்டை அழகாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது: உலையில் தண்ணீர் கொதிக்கும், வாணலியில் எண்ணெய் காயும். வடையைப் போட்டதும் அதைச் சுற்றிச் சடசடவென்று எழும் குமிழ்கள் மாவில் இருந்த தண்ணீரின் ஆவி; எண்ணெய்க்கு அதில் பங்கில்லை.

தட்டில் நடந்தது ஆவியாதல், அடுப்பில் நடப்பது கொதித்தல். முன்னது மேற்பரப்பில் மட்டும் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். பின்னது திரவத்தின் ஆவியழுத்தம், அதாவது அதன் ஆவி வெளியே தள்ளும் அழுத்தம், வெளியழுத்தத்துக்குச் சமமாகும்போது திரவம் முழுவதும் நடக்கும். ஆனால் இரண்டிலும் மூலக்கூறு செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பக்கத்து மூலக்கூறுகளின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். பிடி எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு வெப்பம் தேவை. அந்தப் பிடிக்குப் பெயர்தான் மூலக்கூறு இடைவிசை. ஒரு பொருளின் வாய்பாட்டையும் வடிவத்தையும் பார்த்தே அந்தப் பிடியை எடைபோட முடியும். எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பென்சிலும் கிராப் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதல் படி: எது உடைகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பல ஆண்டுகளாக மேல்நிலை வகுப்பில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழுக்குள் என்ன இருக்கிறது?" என்பது. ஒவ்வோர் ஆண்டும் சில கைகள் உயர்ந்து, "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்று சொல்லும். "காற்று" என்று சொல்பவர்களும் உண்டு. குமிழுக்குள் இருப்பது நீராவி. அதாவது முழுசான நீர் மூலக்கூறுகள், ஒன்றையொன்று விட்டு விலகிய நிலையில்.

எண்களைப் பார்த்தால் இது மனதில் நன்றாகப் பதியும். 100 டிகிரியில் இருக்கும் ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை எல்லாம் உடைத்துத் தனித்தனி அணுக்களாக்க வேண்டுமென்றால் 920 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. சமையலறை அடுப்பால் முதல் வேலையைச் செய்ய முடியும். இரண்டாவது வேலை அதன் கைக்கு எட்டாதது.

ஆகவே கொதிநிலையைப் பற்றிய கேள்வி வந்தால் மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் சகப்பிணைப்பின் வலிமையைப் பற்றி எழுதாதீர்கள். தேர்வுத்தாளில் மதிப்பெண் போகிற முதல் இடம் இது. "வலிமையான பிணைப்பு இருப்பதால் கொதிநிலை அதிகம்" என்று மொட்டையாக எழுதினால், எந்தப் பிணைப்பு, எதற்கும் எதற்கும் இடையில் என்று திருத்துபவர் கேட்பார். "மூலக்கூறுகளுக்கு இடையே" என்ற சொற்கள் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இதற்கு முன் ஒரு சின்னச் சோதனையும் உண்டு: கையில் இருக்கும் பொருள் மூலக்கூறுகளால் ஆனதுதானா? சமையல் உப்பு அயனிகளின் அடுக்கு. அது கொதிக்க 1400 டிகிரிக்கும் மேல் வேண்டும். வைரம், மணலில் உள்ள சிலிக்கா, இரும்பு ஆகியவையும் நாம் இங்கே பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே செல்லுங்கள்.

இரண்டாம் படி: எலக்ட்ரான் மேகத்தின் அளவைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். "ஹைட்ரஜன் பிணைப்பு வலியது, இருமுனை விசை நடுத்தரம், லண்டன் விசை நோஞ்சான்" என்று மூன்று வகை இடைவிசைகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு, லண்டன் விசையைப் பொருட்படுத்தாமல் தாண்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் தவறான விடைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எல்லா மூலக்கூறிலும், எப்போதும் இருக்கும் ஒரே விசை லண்டன் விசைதான். பெரிய மூலக்கூறுகளில் மொத்தப் பிடியில் பெரும்பங்கும் அதனுடையதே.

அது எப்படி உண்டாகிறது? மூலக்கூறைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் மேகம் ஒரு கணம்கூட அசையாமல் நிற்பதில்லை. ஏதோ ஒரு கணத்தில் ஒரு பக்கம் சற்று அடர்த்தியாகவும் மறுபக்கம் சற்று வெறுமையாகவும் ஆகும். உடனே பக்கத்து மூலக்கூறின் மேகமும் அதற்கு ஏற்றபடி நெளியும். நேர் முனையும் எதிர் முனையும் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று இழுக்கும். அடுத்த கணம் எல்லாம் மாறிவிடும். ஆனால் இழுப்பு மட்டும் ஓயாது. இந்த விசைக்கு 1930-இல் குவாண்டம் இயக்கவியலின் வழியே விளக்கம் தந்தவர் ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர். லண்டன் என்பது ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அது ஆளின் பெயர். இதற்கும் முன்னதாக, வாயுக்களின் துகள்களுக்கு இடையே ஈர்ப்பு இருந்தாக வேண்டும் என்பதைத் தன் 1873-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் சமன்பாட்டோடு காட்டியவர் நெதர்லாந்தின் வான் டெர் வால்ஸ். அதன் தொடர்ச்சியான பணிக்காக 1910-இல் நோபல் பரிசு பெற்றார்.

மேகம் பெரிதாக இருந்தால் எளிதில் நெளியும். நெளியும் தன்மை கூடினால் இழுப்பும் கூடும். மந்த வாயுக்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஹீலியம் −269, நியான் −246, ஆர்கான் −186, கிரிப்டான் −153, செனான் −108. இவற்றில் லண்டன் விசையைத் தவிர வேறு எந்தப் பிடியும் கிடையாது. ஹாலஜன்களில் இன்னும் கண்கூடு: ஃபுளோரின் −188, குளோரின் −34, புரோமின் 59, அயோடின் 184. ஒரே குடும்பம், ஒரே வகை விசை; ஆனால் அறை வெப்பநிலையில் முதல் இரண்டும் வாயு, மூன்றாவது திரவம், நான்காவது திண்மம். அயோடினின் கொதிநிலை தண்ணீருடையதைவிட 84 டிகிரி அதிகம் என்பதைக் கவனியுங்கள். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் நாஃப்தலீனும் அப்படித்தான்: துளி முனைவுத்தன்மை (ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் நிலையாக மிகுந்திருப்பது) இல்லை, ஆனால் 218 டிகிரியில்தான் கொதிக்கிறது. நோஞ்சான் என்று ஒதுக்கிய விசை செய்யும் வேலை இது.

எதிர்முனையில் ஹைட்ரஜன் மூலக்கூறு நிற்கிறது. இரண்டே எலக்ட்ரான்கள், மேகம் சின்னது, இறுக்கமானது. அதனால் −253 டிகிரிவரை குளிர்வித்தால்தான் திரவமாகும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜனையும் −183 டிகிரித் திரவ ஆக்சிஜனையும் சேமித்துக் கையாள அத்தனை பாடுபட வேண்டியிருப்பதற்கு வேர்க்காரணம் இந்த மூலக்கூறுகளின் தளர்ந்த பிடிதான். எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் இயற்கை வாயுவும் அப்படியே. அதன் பெரும்பகுதியான மீத்தேன் −162 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் அந்தக் குளிரிலேயே தொட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள்.

மீத்தேனிலிருந்து ஒவ்வொரு கார்பனாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஈத்தேன் −89, புரொப்பேன் −42, பியூட்டேன் −0.5, பென்டேன் 36, ஹெக்சேன் 69. நிறமற்ற பிளாஸ்டிக் லைட்டர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே திரவம் ஆடுவது தெரியும். அது பியூட்டேன் வகை எரிபொருள். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் திரவமாக இருக்கிறது; வால்வு திறந்ததும் கொதித்து வாயுவாக வருகிறது. தூய பியூட்டேன் நிரப்பிய அடுப்பை உறைபனிக் குளிரில் எடுத்துச் சென்றால் சரியாக எரியாது. வாயுவாக மாறவே அதற்குத் தெம்பிருக்காது. இருபது கார்பனையும் தாண்டிய சங்கிலிகளோ மெழுகுவர்த்தியாகத் திண்மமாகவே நிற்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "மூலக்கூறு நிறை கூடினால் கொதிநிலை கூடும்" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. நிறை என்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு ஓர் அடையாளம் மட்டுமே; காரணம் அது இல்லை. ஹெக்சேனின் மூலக்கூறு நிறை 86, கார்பன் டெட்ராஃபுளோரைடின் நிறை 88. முன்னது 69 டிகிரியில் கொதிக்கிறது, பின்னது −128 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை உடலோடு அணைத்து வைத்துக்கொள்கிறது, மேகம் நெளிவதில்லை. அதோடு மூலக்கூறும் ஒரு சிறு உருண்டையாகச் சுருண்டிருக்கிறது.

மூன்றாம் படி: வடிவத்தைப் பாருங்கள்

இது சின்னப் படி. ஆனால் விட்டுவிடக் கூடாது. ஐந்து கார்பனும் பன்னிரண்டு ஹைட்ரஜனும் கொண்ட சேர்மம் மூன்று மாற்றியங்களாக, அதாவது ஒரே வாய்பாடும் வெவ்வேறு அமைப்பும் உள்ள மூன்று வடிவங்களாக, இருக்கிறது. நேர்ச்சங்கிலிப் பென்டேன் 36 டிகிரி, ஒரு கிளை கொண்ட ஐசோபென்டேன் 28, நடுவில் ஒரு கார்பனும் சுற்றிலும் நான்கும் அமைந்த நியோபென்டேன் 9.5. அணுக்களும் எலக்ட்ரான்களும் இம்மியும் மாறவில்லை. தொடும் பரப்பு மட்டும் மாறியிருக்கிறது. முருங்கைக்காய்களை அடுக்கினால் நெடுக ஒட்டிக்கொண்டு கிடக்கும். எலுமிச்சம்பழங்களைக் குவித்தால் புள்ளி புள்ளியாகத்தான் தொட்டுக்கொள்ளும். சென்னையின் மார்கழிக் காலையிலும் நியோபென்டேன் வாயுதான். பென்டேன் குப்பியில் திரவமாக இருக்கும்.

நான்காம் படி: நிரந்தர முனைவு உண்டா?

இப்போதுதான் எலக்ட்ரான் கவர்தன்மையை, அதாவது பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனை, கையில் எடுக்க வேண்டும். இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிணைப்பு முனைவுள்ளதா? ஆம் என்றால், வடிவத்தால் அந்த முனைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றனவா? கார்பன் டைஆக்சைடில் இரண்டு முனைவுள்ள பிணைப்புகள் நேர்க்கோட்டில் எதிரெதிராக இழுக்கின்றன. மொத்தத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. அசிட்டோனில் ஆக்சிஜன் ஒரு பக்கமாக இழுக்கிறது. அதை ஈடுகட்ட மறுபக்கம் எதுவுமில்லை. ஆகவே அது முனைவுள்ள மூலக்கூறு.

இதன் விளைவைப் பார்க்க ஒரே நிறையுள்ள இரண்டை ஒப்பிடுங்கள். பியூட்டேனும் 58, அசிட்டோனும் 58. பியூட்டேன் −0.5, அசிட்டோன் 56. இந்த 56 டிகிரி வேறுபாட்டின் பெரும்பகுதி, முனைவுள்ள மூலக்கூறுகளின் நேர் முனையும் எதிர் முனையும் ஒன்றையொன்று இழுக்கும் இருமுனை விசையால் வந்தது.

ஆனால் அளவு ஒத்திருக்கும்போது மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும். ஹைட்ரஜன் குளோரைடையும் ஹைட்ரஜன் அயோடைடையும் எடுத்துக்கொள்ளுங்கள். முனைவின் அளவைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் முன்னதற்கு 1.08 டிபை (அதன் அலகு), பின்னதற்கு 0.45 மட்டுமே. முனைவு மட்டுமே முடிவு செய்வதாக இருந்தால் குளோரைடு முந்த வேண்டும். நடப்பது வேறு: குளோரைடு −85, அயோடைடு −35. அயோடினின் பெரிய மேகம் முனைவின் குறையை நிரப்பி அதற்கு மேலும் தந்துவிட்டது. குளோரோஃபார்முக்கு முனைவு உண்டு, கொதிநிலை 61. கார்பன் டெட்ராகுளோரைடுக்கு முனைவே இல்லை, கொதிநிலை 77. ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் இன்னொரு குளோரின் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: ஹைட்ரஜன் பிணைப்பு

இப்போது கிராப் தாளை எடுங்கள். கிடைக்கோட்டில் ஆவர்த்தன அட்டவணையின் 2, 3, 4, 5 என்ற தொடர் எண்களைக் குறியுங்கள், செங்குத்தாக வெப்பநிலை. பதினாறாம் தொகுதித் தனிமங்கள் ஹைட்ரஜனோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களை, அதாவது ஹைட்ரைடுகளை, புள்ளியாக வையுங்கள். ஹைட்ரஜன் டெலுரைடு −2, ஹைட்ரஜன் செலினைடு −41, ஹைட்ரஜன் சல்ஃபைடு −60. மூன்றையும் இணைத்து இடப்பக்கம் நீட்டினால் தண்ணீர் எங்கே வர வேண்டும்? கோட்டை நீங்கள் வளைக்கும் விதத்தைப் பொறுத்து −65-க்கும் −80-க்கும் இடையில் எங்கோ வரும். தண்ணீரின் உண்மையான புள்ளியை 100-இல் வையுங்கள். தாளில் அது தன்னந்தனியாக மேலே நிற்பதைக் கையால் வரைந்து பார்த்தவர்கள் மறப்பதில்லை. அதே தாளில் மீத்தேன் குடும்பத்தையும் குறியுங்கள்: மீத்தேன் −162, சிலேன் −112, ஜெர்மேன் −88, ஸ்டேனேன் −52. அங்கே எந்தத் துள்ளலும் இல்லை. ஏறுமுகமாகப் போகும் கோடு மட்டுமே.

துள்ளலுக்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளோரின் ஆகியவற்றில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானையும் பெருமளவு இழந்து நிற்கிறது. உள் எலக்ட்ரான் கூடு ஏதும் இல்லாததால் பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டை எலக்ட்ரான்களை (பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணைகளை) மிக நெருங்கிச் சென்று பற்றிக்கொள்ள முடிகிறது. தண்ணீரில் இத்தகைய ஒரு பிணைப்பின் வலிமை மோலுக்கு ஏறக்குறைய 20 கிலோஜூல்.

சரிபார்க்க வேண்டியவை இரண்டு: அந்த மூன்று தனிமங்களில் ஒன்றோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் இருக்கிறதா? பற்றிக்கொள்ளத் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் இருக்கின்றனவா? வாய்பாட்டில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருந்தால் மட்டும் போதாது. டைமெத்தில் ஈதரும் எத்தனாலும் ஒரே வாய்பாடு, ஒரே நிறை. ஈதரில் ஹைட்ரஜன்கள் எல்லாம் கார்பனோடு இருக்கின்றன. அது −25 டிகிரியில் கொதிக்கும். எத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது, கொதிநிலை 78.

நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின் என்ற இந்த மூன்றின் பட்டியல் புதியவர்களுக்கு நல்ல கைத்தடி. ஆனால் இயற்கை அத்தனை கறாராக வேலி போடவில்லை. ஹைட்ரஜன் பிணைப்புக்கான விரிவான வரையறையைப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2011-இல் வெளியிட்டது. அதை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருணன். அந்த வரையறை மூன்று தனிமங்களோடு நின்றுவிடாமல், ஹைட்ரஜனைவிட எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்த அணுவோடு பிணைந்த ஹைட்ரஜன் என்று பரந்து போகிறது. கொதிநிலையில் பெரிய துள்ளலைக் காட்டுபவை அந்த மூன்றும்தான் என்பதால் பள்ளி அளவில் பட்டியலையே பின்பற்றலாம்.

அடுத்து, எண்ணுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள் தண்ணீரிடமும் ஹைட்ரஜன் ஃபுளோரைடிடமும் மாட்டிக்கொள்வார்கள். ஃபுளோரின் ஆக்சிஜனைவிட எலக்ட்ரான் கவர்தன்மை மிகுந்தது; ஒரு தனி ஹைட்ரஜன் பிணைப்பை எடுத்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடினுடையதுதான் வலியது. ஆனால் அது கொதிப்பது 19.5 டிகிரியில். ஏன்? தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனித்த இரட்டைகள். கொடுப்பதும் வாங்குவதும் சரியாகப் பொருந்துகிறது. ஒரு மூலக்கூறு நான்கு பக்கத்திலும் பற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பிணைப்பிலும் இருவருக்குப் பங்கு என்பதால் கணக்கில் மூலக்கூறுக்கு இரண்டு. ஹைட்ரஜன் ஃபுளோரைடில் மூன்று இரட்டைகள் இருந்தும் ஹைட்ரஜன் ஒன்றே ஒன்று. கணக்கு ஒன்றோடு நின்றுவிடுகிறது. போதாததற்கு, அது ஆவியான பிறகும் கொத்துக் கொத்தாகவே திரியக்கூடியது. எல்லாப் பிடியையும் விடத் தேவையே இல்லை. அம்மோனியாவில் மூன்று ஹைட்ரஜன் இருந்தாலும் தனித்த இரட்டை ஒன்றுதான். நைட்ரஜனின் கவர்தன்மையும் குறைவு. அதனால் −33.

இந்த மூன்றோடு நியானையும் மீத்தேனையும் சேர்த்துக்கொண்டால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரிசை கிடைக்கும். ஐந்திலும் சரியாகப் பத்து எலக்ட்ரான்கள். நியான் −246, மீத்தேன் −162, அம்மோனியா −33, ஹைட்ரஜன் ஃபுளோரைடு 19.5, தண்ணீர் 100. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறாமல், அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பது மட்டும் மாறுகிறது. அதற்கே ஏறத்தாழ 350 டிகிரி இடைவெளி. கரும்பலகையில் இந்த ஐந்தையும் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பது என் வழக்கம். வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும்.

எண்ணும்போது பிடி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்த்தோ நைட்ரோபீனாலில் ஹைட்ராக்சில் தொகுதியும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) நைட்ரோ தொகுதியும் (NO₂) அடுத்தடுத்து இருப்பதால், மூலக்கூறு தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறது. பாரா நைட்ரோபீனாலில் அவை எதிரெதிர் முனையில் இருப்பதால் பக்கத்து மூலக்கூறுகளைப் பிடிக்கின்றன. அதனால் ஆர்த்தோ எளிதில் ஆவியாகும், பாரா ஆகாது. இரண்டும் கலந்த கலவையில் நீராவியைச் செலுத்தி வடித்தால் ஆர்த்தோ மட்டும் நீராவியோடு வந்துவிடும். ஆய்வகத்தில் இந்த இரண்டையும் பிரிக்கும் வழியே இதுதான்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்கு

புரொப்பேன், ஃபார்மிக் அமிலம், அசிட்டால்டிஹைடு, எத்தனால், டைமெத்தில் ஈதர். இவற்றைக் கொதிநிலையின் ஏறுவரிசையில் எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாம் மூலக்கூறுகள்தானா? ஆம். நிறை 44 அல்லது 46. எலக்ட்ரான் மேகங்கள் ஏறத்தாழ ஒரே அளவு, ஆகவே லண்டன் விசையால் பெரிய வேறுபாடு வராது. வடிவத்திலும் உருண்டையென்றோ நெடுஞ்சங்கிலியென்றோ சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. அடுத்து முனைவு. புரொப்பேனில் சொல்லும்படியாக எதுவும் இல்லை, அதன் கொதிநிலையே மிகக் குறைவு. ஈதரில் மிதமான முனைவு. அசிட்டால்டிஹைடில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பால் வலுவான முனைவு. மிச்சமிருக்கும் இரண்டிலும் ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் இருக்கிறது. எத்தனாலில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி மட்டும். ஃபார்மிக் அமிலத்தில் அதோடு வாங்கிக்கொள்ள வலுவான இன்னோர் ஆக்சிஜனும் உண்டு. ஆக வரிசை: புரொப்பேன் −42, ஈதர் −25, அசிட்டால்டிஹைடு 20, எத்தனால் 78, ஃபார்மிக் அமிலம் 101.

விடை எழுதும்போதும் இதே ஒழுங்கில் எழுதுங்கள். முதலில் "மூலக்கூறு நிறைகள் ஏறத்தாழ சமம், எனவே லண்டன் விசைகள் ஒப்பிடத்தக்கவை" என்ற ஒரு வரி. அந்த வரி இருந்தால்தான் அதற்குப் பிறகு முனைவையும் ஹைட்ரஜன் பிணைப்பையும் காரணமாகச் சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது.

அழுத்தத்தை மறந்துவிடாதீர்கள். பிடி மாறாவிட்டாலும் வெளியழுத்தம் மாறினால் கொதிநிலை மாறும். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகத் தாமதமாகும். பிரஷர் குக்கருக்குள் அது 120 டிகிரி வரை போகும். ஒப்பிடும் எண்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் எடுக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசிட்டோனையும் ஸ்பிரிட்டையும் வீட்டில் கொதிக்க வைத்து அளந்து பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே கைவிடுங்கள். இரண்டின் ஆவியும் நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும். தட்டும் மின்விசிறியும் போதும்.

இனி நீங்களே செய்து பார்க்க நான்கு இணைகள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்.

டைஎத்தில் ஈதரா, பியூட்டன்-1-ஆலா? இரண்டுக்கும் நிறை 74. ஈதர் 35 டிகிரி, ஆல்கஹால் 118. ஹைட்ராக்சில் தொகுதியே காரணம்.

புரொப்பன்-1-ஆலா, எத்திலீன் கிளைக்காலா? நிறை 60, 62. முன்னது 97, பின்னது 197. ஒரு ஹைட்ராக்சிலுக்குப் பதில் இரண்டு. மூன்று ஹைட்ராக்சில் கொண்ட கிளிசரால் 290-ஐத் தொடுகிறது. அதன் மூலக்கூறு பெரியது என்பதும் அதில் சேர்த்தி.

கார்பன் டெட்ராஃபுளோரைடா, கார்பன் டெட்ராகுளோரைடா? இரண்டுமே முனைவற்றவை. −128, 77. குளோரினின் பெரிய, நெளியும் மேகம்.

எத்தனாலா, ஆக்டேனா? எத்தனாலில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது. ஆக்டேனில் முனைவுகூட இல்லை. எத்தனால் 78, ஆக்டேன் 126. எத்தனால் என்று எழுதியிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், எட்டுக் கார்பன் சங்கிலி நெடுக எத்தனை இடத்தில் பக்கத்துச் சங்கிலியைத் தொடும் என்று வரைந்து பாருங்கள்.